செலவும் வரவும்

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் நான் எழுதிய வாக்கியம் ஒன்று இப்போது என்னைத் தொந்தரவு செய்கிறது. வாழ்த்து, ஆசீர்வாதம், விடைபெறும் சொல் எல்லாம் கைமாறிக் கைமாறி முகம் தேய்ந்துபோன காசுகள். எழுதுகிறவன் இவற்றைத் தொடக்கூடாது என்பது அந்த வாக்கியத்தின் சாரம். அப்போதுதான் மாலினோவ்ஸ்கியைப் படித்து முடித்திருந்தேன். ஆக்டனும் ரிச்சர்ட்ஸும் 1923இல் வெளியிட்ட புத்தகத்தின் பின்னிணைப்பில், தகவல் எதுவும் இல்லாமல் மனிதர் ஒருவரோடொருவர் ஒட்டியிருப்பதற்காக மட்டுமே பேசுகிற பேச்சு என்று ஒன்றைப் பிரித்துக் காட்டி அதற்கு 'ஃபாட்டிக்' என்று அவர் பெயர் வைத்தார். அவர் அதை இழிவாகச் சொல்லவில்லை. மொழியின் அடிப்படைக் காரியங்களில் அதுவும் ஒன்று என்றுதான் சொன்னார். பெயரை எடுத்துக்கொண்டு இழிவை நான்தான் சேர்த்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்த பையன்கள் செய்கிற காரியம்.

வங்கிக் கவுண்டர் இந்த அபிப்பிராயத்துக்குச் சாதகமான இடம் அல்ல. திருநெல்வேலியில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. பாஸ் புத்தகத்தைப் பைக்குள் செருகிக்கொண்டு 'வாரேன்' என்கிறார்கள். கடனுக்கு வந்து கிடைக்காமல் போகிறவரும் 'வாரேன்' என்றுதான் சொல்கிறார். நவம்பர் மாதத்தில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பரில், தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு உயிர்வாழ் சான்று என்று பெயர். கையெழுத்துப் போட்டுவிட்டு, அல்லது கைநாட்டு வைத்துவிட்டு, மசியைத் தலைமுடியில் துடைத்தபடி 'வாரேன் தம்பி' என்று ஒரு கிழவி சொல்லும்போது, அடுத்த நவம்பரைப் பற்றித்தான் பேசுகிறாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இதைத் தகவல் இல்லாத பேச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கவுண்டருக்கு வருகிறவர்களில் ஒருவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியவர். பாளையங்கோட்டையில் வீடு. சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி டவுன் பஸ்ஸில் வருவார். பெயர் வேண்டாம். ஒரு நவம்பரில் கூட்டம் குறைந்த மத்தியானம் அவரிடம் கேட்டேன்.

"ஏன் சார், எல்லாரும் போகும்போது வாரேன்னுதான சொல்லுதாங்க, சகுனத்துக்குப் பயந்துதான?"

"சகுனம் ஒரு பக்கம் கெடக்கட்டும் தம்பி. கிளவியாக்கம் படிச்சிருக்கியளா?"

படித்ததில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் அது என்ற மட்டுக்குத் தெரியும். அந்த இயலில் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு வினைகளைச் சேர்த்து ஒரு விதி வருகிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. செய்கிறவன் யார் என்பதைப் பற்றியதல்ல இது. செயல் எங்கே போய் முடிகிறது என்பதைப் பற்றியது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், ஆனால் அவனிடம் சென்றான். பிற்காலத்துச் செய்யுளும் பேச்சும் இந்த விதியை எத்தனையோ தடவை மீறியிருக்கின்றன. ஆனாலும் இது தமிழின் எலும்பில் எங்கேயோ இருக்கிறது. 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன்' என்கிறோம். 'உங்க வீட்டுக்குப் போறேன்' என்று யாரும் அந்த வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் தாமிரபரணி கடலைச் சேரும் பக்கத்திலுள்ள ஆற்றூர்க்காரர் என்று அங்குள்ள கல்வெட்டைக் கொண்டு சொல்வதுண்டு. சரியாக இருந்தால், இந்த விதிக்கு உரை எழுதியவரும் தம் வீட்டுத் திண்ணையில் 'வாரேன்' கேட்டவர்தான்.

"அப்பம் பாருங்க," என்றார் ஆசிரியர். "நான் போறேன்னு சொன்னா, நான் போற இடம் படர்க்கை. ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. வாரேன்னு சொன்னா அது ஒங்கள்ட்ட வந்து முடியுது. சொல்லும்போதே வந்துட்டேன்." பிறகு என் மேஜையைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க நாள் பூரா எழுதுதது அந்த ரெண்டு சொல்லுதான. செலவு, வரவு."

பத்து வருஷத்துக்கு மேல் இந்த இரண்டு சொற்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம் என்பதும், பாலைத்திணையில் தலைவன் புறப்படாமல் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. போனது செலவு, வந்தது வரவு. விடைபெறுகிறவன் செலவாகிற நேரத்தில் தன்னை வரவில் எழுதிவிட்டுப் போகிறான். கணக்கு நேராவதற்கு அவன் திரும்பி வரவேண்டும். அதுவரை அது பாக்கி.

சகுனப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் விளக்கை யாரும் அணைப்பதில்லை, குளிர வைக்கிறார்கள். தாலிக் கயிறு அறுந்தால் பெருகிவிட்டது என்கிறார்கள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணிவிட்டு இரண்டுக்குப் போவார்கள். சூடடிக்கும் களத்துக்குள் நுழைகிறவன் 'பொலி' என்று சொல்லிக்கொண்டு நுழைந்தான். 'போறேன்' என்ற சொல்லைத் தவிர்ப்பதும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான் என்பது எல்லாரும் சொல்கிற விளக்கம். ஆனால் இது பாதி விளக்கம். 'போ' ஏன் விலக்கப்பட்டது என்பதைச் சொல்லும். 'வா' ஏன் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. கிளம்புகிறேன், புறப்படுகிறேன், நடக்கிறேன் என்று அமங்கலம் இல்லாத சொற்கள் எத்தனையோ இருக்கின்றனவே. தவிர, போவதைக் குறிக்கும் வினை தமிழில் எப்போதும் அமங்கலமாக இருந்ததும் இல்லை. கோயில் கல்வெட்டுகளில் ஒரு நிவந்தம் சந்திர சூரியர் உள்ளவரை 'செல்வதாக' என்றுதான் வெட்டி வைத்தார்கள். செல்லுதல் என்றால் அங்கே நிலைத்து நடப்பது. காசு செல்லும், செல்லாது என்கிறோமே, அதுவும் அந்தச் செல்தான். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றானபோது, என் வாழ்நாளில் நான் அதிகம் சொன்ன சொல் 'செல்லாது'. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் போவதை நிறுத்துவதுதான் அமங்கலம் என்று புரிந்தது.

ஆங்கிலத்தில் குட்பை என்பது 'கடவுள் உங்களோடு இருக்கட்டும்' என்ற பழைய வாக்கியம் சுருங்கித் தேய்ந்தது. பிரெஞ்சில் அதியூ என்பதிலும் கடவுள்தான் இருக்கிறார். தொல்காப்பியச் செய்யுளியலில் புறநிலை வாழ்த்து என்று ஒன்று உண்டு. நீ வழிபடுகிற தெய்வம் உன்னைக் காக்க, உன் வழி பெருகுக என்ற மாதிரியான வாழ்த்து. இவை எல்லாவற்றிலும் போகிறவனை ஒரு மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்கிறோம். 'வாரேன்' என்பதில் கடவுள் இல்லை. சாட்சியும் இல்லை. சொல்கிறவனும் கேட்கிறவனும் மட்டும். நாத்திகர்கள் கூசாமல் சொல்லக்கூடிய பழைய சொற்களில் இது ஒன்று என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. (அதே செய்யுளியலில் வாயுறை வாழ்த்து என்றும் ஒன்று உண்டு, வேம்பு போல முதலில் கசந்து பின்னால் நன்மை செய்வது. எங்கள் ஆச்சி ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கொடுத்த வாழ்த்து பெரும்பாலும் அந்த ரகம்.)

கேட்கிறவன் இல்லாமல் இந்தச் சொல் முடிவதில்லை என்பதுதான் முக்கியம். விடை என்ற சொல்லைப் பாருங்கள். கேள்விக்குப் பதிலும் விடைதான், போக அனுமதியும் விடைதான். விடு என்பதிலிருந்து பிறந்த இரண்டு காரியங்களுக்குத் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. புறத்திணையியலில் பரிசில் பெற்றவன் புறப்படுவதை இருவகை விடை என்பார்கள். அரசன் தானே விடுப்பது ஒன்று. பரிசிலன் நான் போகவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வது மற்றொன்று. விடை பெறுதல் என்று நாம் சொல்வதில் 'பெறுதல்' வெறும் அலங்காரம் அல்ல. ஒருவர் கொடுக்காமல் இன்னொருவர் பெறமுடியாது. பொருநராற்றுப்படையில் கரிகாலன், புறப்பட்ட பொருநனின் பின்னால் ஏழடி நடந்து போய் வழியனுப்புகிறான். சோழன் ஒருவன் கிணை கொட்டுகிறவன் பின்னால் ஏழடி நடந்தான் என்று பாட ஒரு புலவருக்குத் தோன்றியதே, அதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு ஆசை என்று பிரிக்கமுடியாது. ஆனால் வழியனுப்புவது என்றால் என்னவென்று அந்தக் காலத்தவர் நினைத்தார்கள் என்பதற்கு அந்த ஏழடி போதும்.

பேச்சுத் தமிழில் இதற்கு இன்னும் எளிமையான வினை இருக்கிறது. சொல்லிக்கொள்ளுதல். 'எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டயா?' என்றால் விடைபெற்றாயா என்று அர்த்தம். என்ன சொல்லவேண்டும் என்பது அந்த வினையில் இல்லவே இல்லை. சொன்னாயா என்பதுதான் கேள்வி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்பதைவிடப் பெரிய குற்றப் பத்திரிகை திருநெல்வேலிக் குடும்பங்களில் கிடையாது. ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் நிகழ்த்தி, அவர் இறந்தபின் 1962இல் புத்தகமாக வந்த உரைகளில், சில வாக்கியங்கள் எதையும் விவரிப்பதில்லை, சொல்வதே செயலாகிறது என்று காட்டினார். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தச் செயலுக்கு 'சொல்லிக்கிடுதது' என்று பெயர் வைத்து எத்தனையோ காலமாகிறது.

இவ்வளவு தூரம் எழுதியபின் ஒரு விஷயத்தை மறைத்தால் அது பொய்யாகிவிடும். கொடுப்பவரும் பெறுபவரும் என்று சொன்னேன். இந்தப் பள்ளத்தாக்கில் யார் கொடுக்கலாம், யார் பெறலாம் என்பதை வயலின் சொந்தக்காரன்தான் தீர்மானித்தான். வரப்பில் நின்றவனிடம் வேலைக்காரன் விடை கேட்கவில்லை, உத்தரவு கேட்டான். 'உத்தரவு சாமி.' பதிலுக்கு ஒரு உறுமல், அல்லது ஒருமையில் ஒரு 'போ'. 'வாரேன்' என்று அவன் சொல்லியிருக்க முடியாது. வருவதற்கு அவனுக்கு உரிமை உள்ள இடம் இல்லை அது. ஆனால் களத்தில் கூலி நெல்லை வாங்கும்போது 'நல்லாயிருக்கணும் சாமி' என்று வாழ்த்தவேண்டியது மட்டும் அவன் கடமையாக இருந்தது. வாழ்த்து மேலிருந்து கீழே போனால் ஆசீர்வாதம். கீழிருந்து மேலே போனால் கூலி வேலையின் ஒரு பகுதி. ராஜாவின் திருமேனி கல்யாணமாக என்று சொல்லி விளக்கு எரித்த கல்வெட்டுகளுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. பழைய சொற்களின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆசீர்வாதம் வாங்கும் திண்ணையில் இருந்தவர்களின் பேரர்கள். நானும்தான்.

ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டில் இந்த ஜில்லாவின் தெற்கிலும் கிழக்கிலும் பல கிராமங்களில் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்லும் சொல் 'தோத்திரம்' ஆயிற்று. தேவனைத் துதிக்கிற சொல். ஆனால் அதன் இன்னொரு உபயோகத்தை மதச் சரித்திரக்காரர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. தோத்திரம் சொல்ல முதுகு வளையவேண்டாம். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லலாம். சொன்னதையே திருப்பிக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உறுமலைப் பதிலாகக் கேட்டவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். மேலப்பாளையத்தில் ஸலாமும் அப்படித்தான், வந்தாலும் போனாலும் ஒன்று, மேலும் கீழும் ஒன்று. பிரியும்போது 'துஆ செய்யுங்க' என்று வாழ்த்தைக் கேட்டே வாங்கிக்கொள்கிறார்கள். வணக்கம் என்ற சொல் இருபதாம் நூற்றாண்டில் நமஸ்காரத்தைத் தள்ளிவிட்டு வந்ததும் பாஷைப் பற்றினால் மட்டும் அல்ல. வளைதல் அதன் வேரிலேயே இருக்க, யாரும் யாருக்கும் வளையாமல் சொல்லும் சொல்லாக அதை மேடைகள் மாற்றின. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வணக்கத்தில் பாக்கி கிடையாது. சொன்னதும் கணக்கு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கூட்டம் முடிக்க அது வசதி. வீட்டிலிருந்து கிளம்பப் போதவில்லை. மேடையில் 'நன்றி, வணக்கம்' என்று முடித்தவரும் காரில் ஏறும்போது 'வாரேன்' என்றுதான் சொல்கிறார்.

அச்சடித்த வாழ்த்துகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. கல்யாண வீட்டில் விசிறியாக உபயோகப்பட்ட வாழ்த்துமடல்கள், வங்கியில் பிரிவு உபசார விழாவில் சால்வையோடு வாசிக்கப்படும் எதுகை மோனைகள். தந்தி இலாகா இதை இன்னும் சுத்தமாகச் செய்தது. கல்யாணம், பண்டிகை, பரீட்சை என்று ஒவ்வொன்றுக்கும் வாழ்த்து வாக்கியங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், அங்கே வாக்கியமாக மாறிப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தியே முடிந்தது. என் பழைய கட்டுரையின் வாக்கியம் இவற்றுக்கு இன்றும் பொருந்தும்.

கடிதங்கள் வேறு. 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்' என்ற தொடக்கத்தைக் கேலி செய்யாத நவீன எழுத்தாளன் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒரு பதிலைக் கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறது. அதன்பின் 'நிற்க' என்று ஒரு சொல் வரும். நலம் கேட்ட ஆள் பதிலுக்காகக் கொஞ்சம் நிற்பது போல. வாழ்த்தை எழுதுவதில் திருநெல்வேலிக்காரர்கள் ஒரு தனிக் கை வைத்திருக்கிறார்கள். டி.கே.சி.யின் கடிதங்கள் எதிரில் உட்கார்ந்து பேசுகிற குரலிலேயே இருக்கின்றன. வண்ணதாசன், அவரும் வங்கிக்காரர், தம் கடிதத் தொகுப்புக்கு 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று பெயர் வைத்தார். கடிதத்தின் கடைசி வரியாக இருக்கவேண்டியதைத் தூக்கி அட்டையில் போட்டுவிட்டார். புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள்தான் எனக்கு இந்த விஷயத்தில் முக்கியம். பிழைப்புக்காக விலகியிருந்த கணவன் எழுதியவை. எப்போது வருவேன், எவ்வளவு பணம் அனுப்புவேன் என்ற இரண்டு கவலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வரவும் செலவும்தான். கதைகளில் எந்தச் சம்பிரதாயச் சொல்லையும் நம்பாமல் கிழித்துப் பார்த்த மனிதர், கடிதத்தில் வருவேன் என்பதைக் கிழிக்கவில்லை. சினிமா வேலையாகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார்.

அவருடைய 'துன்பக் கேணி' இந்த ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை. அப்படிக் கடல் தாண்டியவர்கள் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள். அவர்களில் பலரின் பேரப் பிள்ளைகள் வந்தார்கள். 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரவேண்டும் என்று பங்கு பிரித்தது. தாயகம் திரும்புவோர் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் பெரும்பாலோர் பார்த்தேயிராத தாயகம். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலை அங்கேயே நின்றுவிட்டவர்கள் அழுகைக் கோச்சி என்று அழைத்தார்கள். அந்த ரயிலின் ஜன்னலில் இருந்தவர்களுக்குப் பிளாட்பாரத்தைப் பார்த்துச் சொல்ல என்ன சொல் இருந்தது? தாத்தா சொல்லிவிட்டு வந்த 'வாரேன்' இங்கே நிறைவேறிக்கொண்டிருந்தது. அதனாலேயே அங்கே அதைச் சொல்லமுடியாமல் போயிற்று. ஒருவர் வரவு இன்னொருவர் செலவு என்று நாங்கள் கணக்கில் சாதாரணமாகச் சொல்வதுண்டு.

இலங்கை வரைகூடப் போகவேண்டியதில்லை. தாமிரபரணி பிறக்கும் மலையில் சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டில் மாஞ்சோலைத் தோட்டம் எழுந்தது. கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில், அதே ஆற்றில் செத்தார்கள். 2024இல் குத்தகை முடிய நான்கு வருஷம் இருக்கும்போதே தோட்டத்தை மூடி, விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். மூன்று நான்கு தலைமுறை இருந்த லயத்து வீட்டின் கதவிடம் சொல்லிக்கொள்வது எப்படி என்று யாருக்கும் பழக்கமில்லை. விடை கொடுக்க எதிரில் ஆள் வேண்டும்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் சொல்லாமல் போகவேண்டும் என்பது விதி. துஷ்டி வீடு. அங்கே 'வாரேன்' என்றால் மறுபடியும் இப்படி ஒரு காரியத்துக்கு வருவேன் என்றாகிவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பாராமல் எழுந்து போய்விடவேண்டும். ஆச்சி இறந்த அன்று எங்கள் கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பீகார்க்காரர் ஒருவர் மாலையோடு வந்தார். எட்டு மாதத்தில் நல்ல தமிழ் கற்றிருந்தார். மரியாதை தெரிந்தவர். எழுந்து, கைகூப்பி, கணீரென்று 'போயிட்டு வர்றேன்' என்றார். முற்றத்தில் இருந்த பேச்சு நின்றுவிட்டது. எங்கள் அத்தை மட்டும், "தெரியாமச் சொல்லிட்டாரு, பாவம். நீங்க போங்க ஐயா," என்றாள். அவளுக்கு அறுபது வயசு. ஒரு பெரிய மனுஷரைப் பார்த்து 'போங்க' என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். சகுனக்காரர்கள் இதைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தமிழாசிரியரின் விதிதான் நினைவுக்கு வந்தது. சொல் வந்து முடியவேண்டிய முன்னிலை அந்த வீட்டில் நடுக்கூடத்தில் படுத்திருந்தது. நாங்களெல்லாம் அன்றைக்குப் படர்க்கை.

அந்த ஆசிரியரைப் பற்றி மீதியையும் சொல்லிவிட வேண்டும். உயிர்வாழ் சான்றைக் கைரேகை வைத்துக் கணினி வழியாகக் கொடுக்கும் முறை 2014இல் வந்தது. பிறகு செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்றானது. இரண்டு நவம்பர்களுக்கு முன் அவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். படி ஏற முடியவில்லை. கூட்டம் வேறு. நான் எழுந்து போய், நல்லது செய்கிற நினைப்பில், அந்தப் பையனுடைய போனில் அதை எப்படிச் செய்வது என்று காட்டிக்கொடுத்தேன். பிறகு அவரிடம், "சார், இனிமே நீங்க வரவேண்டாம்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

"சரி தம்பி. அப்பம் நான் போறேன்."

பேரனுக்கு அது வித்தியாசமாகப் பட்டதாகத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். வாங்க சார், இருங்க சார், அப்படிச் சொல்லலை சார் என்று எதையாவது நான் சொல்லியிருக்கலாம். வாசல் வரையில் ஏழடிகூட இருக்காது.

குறளில் பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் பாட்டில், பிரிவு சொல்ல வந்தவனுக்கு ஒரு பதில் இருக்கிறது. போகவில்லை என்றால் என்னிடம் சொல். போய்ச் சீக்கிரம் வருவேன் என்பதானால் அதை அப்போது உயிரோடிருக்கிறவர்களிடம் சொல் என்று. கல்லூரியில் இதைக் காதல் பாட்டு என்று படித்தேன். எல்லா நவம்பரும் என் கவுண்டரில் நடந்துகொண்டிருந்தது இதுதான் என்று அவர் போனபிறகே தோன்றிற்று.

போன நவம்பர் முதல் வாரத்திலேயே அவருடைய சான்று திரையில் வந்துவிட்டது. பாளையங்கோட்டை பஸ் எங்கள் கிளை வாசலிலேயே நிற்கிறது. இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்ததிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. முதலில் அவர் 'வாங்க' என்று சொல்லவேண்டும். எந்த முகத்தோடு அதைக் கேட்பது என்றுதான் யோசனையாக இருக்கிறது.